ஒன்பதாம் நம்பரும் ஜெனீவாவும்

(இரண்டாம் ஆண்டு, இயந்திரவியல்)



ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று மாணவர் சங்கச் செயலாளர் அண்ணன் கேட்டபோது, "லேத் மெஷினைப் பற்றி எழுதட்டுமாண்ணே?" என்றேன். "போன வருஷமும் லேத், அதுக்கு முந்தின வருஷமும் லேத். வேற ஏதாவது எழுதுடா" என்றார். அதனால் மனித உரிமை நாள் கருத்தரங்குக்கு நான் தயார் செய்ததையும், அன்றைக்கு மேடையில் சொல்லாமல் விட்டதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

என் ரோல் நம்பர் 9. முதல் ஆண்டு, முதல் நாள், முதல் பீரியட். அட்டென்டன்ஸில் "நைன்" என்று சார் கூப்பிட்டதும், நான் "பிரசென்ட் சார்" சொல்வதற்குள் பின் பெஞ்சில் சிரிப்பு. ஏன் சிரித்தார்கள் என்று விளக்கத் தேவையில்லை. தமிழ்நாட்டில் பள்ளிக்கூடம் போன எல்லோருக்கும் அந்த எண் எதற்குப் பயன்படுகிறது என்று தெரியும். ஃபிட்டிங் ஷாப்பில் ஒன்பதாம் நம்பர் வைஸ், டிராயிங் ஹாலில் ஒன்பதாம் நம்பர் டேபிள். எங்கே போனாலும் கூடவே வந்தது. நம்பரை மாற்றிக் கொடுங்கள் என்று ஆபீசில் கேட்கலாமா என்றுகூட யோசித்தேன். கேட்கவில்லை. ஏனென்றால் அந்தச் சிரிப்பு எனக்குப் புதுசு இல்லை. நானே சிரித்த சிரிப்பு அது.

எங்கள் ஊர் பழனி மலையில், கொடைக்கானல் தாலுகாவில் இருக்கிறது. அப்பா காப்பித் தோட்டத்தில் தினக்கூலி. மிளகு சீசனில் மரமேறுவார். பெரியப்பா வீடு எங்கள் வீட்டுக்கு அடுத்த வீடு. அந்த வீட்டில் ஒருவர், நான் "அண்ணே" என்று கூப்பிட்டு வளர்ந்தவர், பத்தாவது படிக்கும்போது பாதியில் மலையை விட்டுப் போனார். நடையும் பேச்சும் பெண்பிள்ளை மாதிரி இருக்கிறது என்று ஊரே பேசியது. அவர் ஸ்கூல் விட்டு வரும்போது பின்னாலேயே அந்த எண்ணைச் சொல்லிக் கத்திக்கொண்டு ஓடிய பையன்களில் நானும் ஒருவன். எட்டு வயசு. அர்த்தம் தெரியாது. தெரியாமல் சொன்னாலும் அவருக்குக் கேட்டது கேட்டதுதானே.

இப்போது அவர் எனக்கு அக்கா. நான் முதல் செமஸ்டர் படிக்கும்போது ஊருக்குத் திரும்பி வந்தார். இதை எழுதலாமா என்று கேட்டேன். "பேரைப் போடாத, ஊரைப் போடாத. மத்ததெல்லாம் எழுதிக்கோ தம்பி" என்றார். அப்படியே செய்திருக்கிறேன்.

இனி பாடத்துக்கு வருவோம்.

டிசம்பர் 10 மனித உரிமை நாள். 1948-ல் அந்த நாளில்தான் ஐக்கிய நாடுகள் சபை உலக மனித உரிமைப் பிரகடனத்தை ஏற்றது. அதன் முதல் பிரிவு, மனிதர் எல்லோரும் சுதந்திரமாகவும் சமமாகவும் பிறக்கிறார்கள் என்று தொடங்கும். ஆரம்ப வரைவில் ஆங்கிலத்தில் "ஆல் மென்" என்றுதான் இருந்ததாம். அப்படிப் போட்டால் பல நாடுகளில் ஆண்களை மட்டும் குறிப்பதாக எடுத்துக்கொள்வார்கள் என்று வாதாடி, "ஆல் ஹியூமன் பீயிங்ஸ்" என்று மாற்ற வைத்தவர் நம் நாட்டுப் பிரதிநிதி ஹன்சா மேத்தா. ஒரே ஒரு சொல்தான். ஆனால் அந்தச் சொல்லை அன்றைக்கு மாற்றியிருக்காவிட்டால் பின்னால் எத்தனை பேர் கதவுக்கு வெளியே நின்றிருப்பார்கள்! இந்தச் செய்தி நம் பாடப்புத்தகத்தில் ஏன் பெரிதாக இல்லை என்று எனக்கு இன்னும் புரியவில்லை.

சரி, பிரகடனம் போட்டாச்சு. நாடுகள் அதன்படி நடக்கின்றனவா என்று யார் பார்ப்பது? அதற்கு 2006-ல் மனித உரிமைக் கவுன்சில் என்று ஒன்றை அமைத்தார்கள். ஜெனீவாவில் இருக்கிறது, 47 உறுப்பு நாடுகள். அந்தக் கவுன்சில் 2008-ல் தொடங்கிய வேலைதான் காலமுறை ஆய்வு. ஆங்கிலச் சுருக்கத்தில் யு.பி.ஆர். என்பார்கள்.

நம் பிராக்டிகல் எக்ஸாமை நினைத்துக்கொண்டால் இது சுலபமாகப் புரியும். நாம் ரெக்கார்டு நோட்டை எழுதி சப்மிட் செய்கிறோம் அல்லவா? அதுபோல ஒவ்வொரு நாடும் தன்னைப் பற்றித் தானே ஓர் அறிக்கை எழுதிக் கொடுக்க வேண்டும். ரெக்கார்டில் எல்லா ரீடிங்கும் அழகாகத்தான் இருக்கும் என்று நமக்குத் தெரியாதா என்ன! அதனால் அதை மட்டும் நம்பாமல் இன்னும் இரண்டு காகிதங்களை வைத்துக்கொள்கிறார்கள். ஒன்று ஐ.நா.வின் பல குழுக்கள் அந்த நாட்டைப் பற்றிச் சொன்னவற்றின் தொகுப்பு. மற்றொன்று தொண்டு நிறுவனங்களும் அமைப்புகளும் அனுப்பியவற்றின் சுருக்கம். பக்கத்து பெஞ்சுக்காரனிடம் "இவன் நிஜமாவே ஜாப் செஞ்சானா?" என்று கேட்பது மாதிரி. பிறகு வைவா. மூன்றரை மணி நேரம் அந்த நாட்டின் குழு முன்னால் உட்கார, மற்ற நாடுகள் ஒவ்வொன்றாகக் கேள்வி கேட்டு, "இதைச் செய்யுங்கள்" என்று பரிந்துரை கொடுக்கும். ஐ.நா.வின் 193 நாடுகளும் சுமார் நாலரை வருஷத்துக்கு ஒருமுறை இப்படி உட்கார்ந்தாக வேண்டும். பெரிய நாடு, சின்ன நாடு என்ற பேதம் கிடையாது.

ஒரு வித்தியாசம் உண்டு. இங்கே ஃபெயில் கிடையாது. ஒரு பரிந்துரையை நாடு ஏற்கலாம், அல்லது "குறித்துக்கொண்டோம்" என்று சொல்லிவிடலாம். மறுக்கிறோம் என்று பச்சையாகச் சொல்வதில்லை. கல்யாண வீட்டில் மொய்க் கணக்கு கேட்டால் "பார்க்கலாம்" என்பார்களே, அந்த மாதிரி.

இந்தியா இதுவரை நான்கு முறை உட்கார்ந்திருக்கிறது. 2008 ஏப்ரல், 2012 மே, 2017 மே, 2022 நவம்பர். 2017-ல் 250 பரிந்துரைகள் வந்தன, 152-ஐ ஏற்றது. 2022-ல் 339 வந்தன, 221-ஐ ஏற்றது. பெண்கள், குழந்தைகள், சாதி, சிறைச்சாலை என்று எல்லாமே அதில் வரும். அவற்றுக்கு நடுவில்தான் நம் விஷயமும் வந்தது. ஆணை விரும்பும் ஆண், பெண்ணை விரும்பும் பெண், திருநங்கை, திருநம்பி, பிறவியிலேயே உடலமைப்பு ஆண் பெண் என்ற இரண்டு கட்டத்துக்குள் அடங்காத ஊடுபால் மனிதர்கள். இவர்களுக்கு உங்கள் நாட்டில் என்ன பாதுகாப்பு என்ற கேள்வி.

2017-ல் பல நாடுகள் ஒரே இடத்தில் விரல் வைத்தன. இந்திய தண்டனைச் சட்டம் பிரிவு 377. 1860-ல் வெள்ளைக்காரன் எழுதியது. இரண்டு பேர் மனம் ஒத்து இருந்தாலும், அவர்கள் ஒரே பாலினம் என்றால் குற்றவாளி ஆக்கக்கூடிய பிரிவு அது. 2009 ஜூலையில் டெல்லி உயர் நீதிமன்றம் அது செல்லாது என்றது. 2013 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்து, பிரிவு செல்லும் என்றது. 2017-ல் ஜெனீவாவில் அதை நீக்கச் சொன்ன பரிந்துரைகளை இந்தியா ஏற்ற கணக்கில் சேர்க்கவில்லை. அடுத்த வருஷமே, 2018 செப்டம்பர் 6-ஆம் தேதி, உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் வயது வந்தவர்கள் மனம் ஒத்து இருப்பது குற்றமே இல்லை என்று தீர்ப்பு எழுதினார்கள்!

ஜெனீவாவில் சொன்னதால்தான் டெல்லியில் மாறியது என்று நான் சொல்ல வரவில்லை. அப்படிச் சொன்னால் வருஷக்கணக்காகக் கோர்ட் படியேறியவர்களுக்குச் செய்யும் துரோகம். ஆனால் அங்கே பேசப்படும் சொற்கள் இங்கே வந்து சேரும் வழி ஒன்று இருக்கிறது. 2006-ல் இந்தோனேசியாவின் யோக்யகார்த்தா என்ற ஊரில் உலக அளவிலான சட்ட வல்லுநர்கள் கூடி, பாலினம் பற்றி மனித உரிமைச் சட்டம் என்ன சொல்கிறது என்று 29 கோட்பாடுகளாக எழுதினார்கள். எந்த நாட்டையும் கட்டுப்படுத்தாத வெறும் காகிதம். ஆனால் 2014 ஏப்ரல் 15-ல் நம் உச்ச நீதிமன்றம் நால்சா வழக்கில் தீர்ப்பு எழுதும்போது அந்தக் காகிதத்தை எடுத்து மேற்கோள் காட்டி, தான் ஆணா பெண்ணா மூன்றாம் பாலினமா என்று சொல்லும் உரிமை அந்த மனிதருக்கே உண்டு என்றது. நீதிபதிகள் கே.எஸ். ராதாகிருஷ்ணனும் ஏ.கே. சிக்ரியும் எழுதிய தீர்ப்பு. வெறும் காகிதம் என்று இனி எதையும் சொல்ல மாட்டேன்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. உள்ளே நீதிமன்றம் இப்படி எழுதிக்கொண்டிருக்க, 2016-ல் இந்தப் பாகுபாட்டை ஆராயத் தனியாக ஒரு வல்லுநரை நியமிக்கலாமா என்று ஜெனீவாவில் வாக்கெடுப்பு வந்தபோது, இந்தியா ஆதரிக்கவும் இல்லை, எதிர்க்கவும் இல்லை. ஒதுங்கி நின்றது. 23-க்கு 18 என்று தீர்மானம் நிறைவேறியது. ஒதுங்கி நின்ற ஆறு நாடுகளில் நாமும் ஒன்று.

"வெளிநாட்டுக்காரன் கேட்டு நாம என்ன பதில் சொல்றது?" என்று கருத்தரங்கில் ஒரு நண்பர் கேட்டார். நியாயமான கேள்விதான். அப்போது எனக்குப் பதில் வரவில்லை. ஹாஸ்டலுக்குப் போன பிறகு வந்தது. கொடைக்கானலில் தெர்மாமீட்டர் தொழிற்சாலை ஒன்று இருந்தது. பாதரசக் கழிவை வெளியே போட்டது தெரியவந்து 2001-ல் மூடப்பட்டது. அங்கே வேலை பார்த்தவர்கள் வருஷக்கணக்கில் மனு கொடுத்தார்கள், போராடினார்கள். 2015-ல் அந்தக் கதை ஒரு பாட்டாக உலகம் பூராவும் பரவியது. 2016-ல் 591 முன்னாள் தொழிலாளர்களோடு கம்பெனி ஒப்பந்தம் போட்டது. போராடியது மலைக்காரர்கள்தான். ஆனால் நாலு பேர் வெளியிலிருந்து பார்க்கிறார்கள் என்றதும் வந்த வேகம் எங்கள் மலையில் எல்லோருக்கும் தெரியும்.

நம் தமிழ்நாட்டுக்கு வருவோம். இங்கே பெருமைப்பட விஷயம் இருக்கிறது. 2008 ஏப்ரலிலேயே இந்தியாவில் முதன்முதலாகத் திருநங்கைகளுக்கு நல வாரியம் அமைத்தது தமிழ்நாடு. திருநங்கை என்ற மரியாதையான சொல் அரசுக் காகிதங்களில் ஏறியதும் அந்தக் காலத்தில்தான். 2015-ல் மிகவும் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் சேர்த்தார்கள்.

எனக்கு எல்லாவற்றையும்விடப் பெரிதாகப் பட்டது 2019-ல் நடந்தது. தூத்துக்குடியில் ஓர் ஆணும் ஒரு திருநங்கையும் கோயிலில் கல்யாணம் செய்துகொண்டார்கள். பதிவு செய்ய மறுத்துவிட்டார்கள். வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்கு வந்தது. திண்டுக்கல் மாவட்டமும், அதனால் நம் கொடைக்கானலும் இதே கிளையின் கீழ்தான். 2019 ஏப்ரல் 22-ல் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன், இந்து திருமணச் சட்டத்தில் "மணப்பெண்" என்ற சொல்லுக்குள் திருநங்கையும் அடக்கம் என்றார். அதோடு நிற்கவில்லை. ஊடுபாலாகப் பிறக்கும் குழந்தைகளை ஆணாகவோ பெண்ணாகவோ "சரி செய்ய" பச்சைக் குழந்தையிலேயே கத்தி வைப்பதைத் தடுக்கவும் உத்தரவிட்டார். அதே வருஷம் ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு அரசாணை போட்டது. உயிருக்கு ஆபத்து என்றால் தவிர அந்த ஆபரேஷன் கூடாது. இந்தியாவில் முதல் மாநிலம் நாம்தான்.

ஊடுபால் மனிதர்களுக்கு எதிரான பாகுபாடு பற்றி ஐ.நா. மனித உரிமைக் கவுன்சில் முதல் தீர்மானம் போட்டது எப்போது தெரியுமா? 2024 ஏப்ரலில். 24 நாடுகள் ஆதரவு, எதிர்ப்பு ஒன்றுகூட இல்லை, 23 நாடுகள் ஒதுங்கின. மதுரை ஜெனீவாவுக்கு ஐந்து வருஷம் முந்திவிட்டது! எக்ஸ்டெர்னல் எப்போதும் நமக்குத்தான் பாடம் எடுப்பார் என்று இல்லை, சில சமயம் ஸ்டூடண்டும் எடுக்கலாம்.

இந்த அரசாணை ஏன் முக்கியம் என்று தெரிய சாந்தி சௌந்தரராஜனை நினைத்தால் போதும். புதுக்கோட்டை மாவட்டத்துச் செங்கல் சூளைத் தொழிலாளியின் மகள். 2006 தோஹா ஆசிய விளையாட்டில் 800 மீட்டர் ஓட்டத்தில் வெள்ளி வாங்கினார். பாலினப் பரிசோதனையில் தேறவில்லை என்று பதக்கத்தைப் பறித்தார்கள். ஓடியது அவர் கால்கள்தான், மருந்து சாப்பிட்டு ஓடவில்லை, பிறந்த உடம்போடு ஓடினார். பிறகு அவரே செங்கல் சூளையில் வேலை செய்ய வேண்டி வந்தது. 2016-ல்தான் தமிழ்நாடு அரசு அவருக்கு நிரந்தரப் பயிற்சியாளர் வேலை கொடுத்தது. பத்து வருஷம்!

இன்னொரு வழக்கும் நமக்குப் பக்கத்து ஊர்தான். மதுரையிலிருந்து இரண்டு இளம்பெண்கள், சேர்ந்து வாழ வீட்டில் விடவில்லை என்று சென்னைக்குப் போய்ப் பாதுகாப்பு கேட்டார்கள். அந்த வழக்கை விசாரித்த நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ், இந்த விஷயத்தில் தனக்கே முன்முடிவுகள் இருப்பதாக ஒத்துக்கொண்டு, ஒரு மனநல ஆலோசகரிடம் போய் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்டு வந்து, 2021 ஜூன் 7-ல் உத்தரவு போட்டார். நீதிபதியே மாணவராகப் போனார் என்பதைப் படித்தபோது எனக்குக் கொஞ்சம் வெட்கமாக இருந்தது. "மாற்றிக் காட்டுகிறேன்" என்று சொல்லிச் செய்யும் வைத்தியத்தை அந்த உத்தரவு தடை செய்தது. 2022-ல் தேசிய மருத்துவ ஆணையம் அதை டாக்டர்களின் தொழில் ஒழுங்கீனம் என்று அறிவித்தது. அதே வருஷம் தமிழ்நாடு போலீஸ் நடத்தை விதிகளில், இந்த மக்களைத் துன்புறுத்தக் கூடாது என்று ஒரு விதி ஏறியது. மரியாதையான தமிழ்ச் சொற்களின் பட்டியல் ஒன்றும் அரசிதழில் வந்தது. பால்புதுமையர் என்ற சொல் அதில்தான் எனக்குக் கிடைத்தது. அந்தப் பட்டியலில் எந்த எண்ணும் இல்லை.

எல்லாம் முடிந்துவிட்டதா என்றால், இல்லை. 2019-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய திருநர் பாதுகாப்புச் சட்டத்தில், ஒரு திருநங்கையைப் பாலியல் ரீதியாகக் கொடுமைப்படுத்தியவனுக்குத் தண்டனை ஆறு மாதத்திலிருந்து இரண்டு வருஷம். ஒரு பெண்ணைப் பலாத்காரம் செய்தவனுக்குக் குறைந்தது பத்து வருஷம். உடம்புக்கு உடம்பு விலை வேறா? 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் ஒரே பாலினத்தார் கல்யாணத்தை அங்கீகரிக்க மறுத்தது, அது நாடாளுமன்றத்தின் வேலை என்றது. 2024 ஜூலை 1-ல் பழைய தண்டனைச் சட்டம் போய் புதுச் சட்டம் வந்தபோது 377 முழுசாகவே போய்விட்டது. நல்லதுதான், ஆனால் ஓர் ஆணையோ திருநங்கையையோ ஒருவன் பலவந்தம் செய்தால் வழக்குப் போட இருந்த பிரிவும் அதோடு போனது. குப்பையைக் கொட்டும்போது ஸ்பேனரையும் சேர்த்துக் கொட்டின கதை.

நமக்கு ரொம்பப் பக்கத்து விஷயம் கல்வி. கிரேஸ் பானு என்ற பெயரைக் கேள்விப்பட்டிருக்கலாம். தூத்துக்குடி மாவட்டம், தலித் குடும்பம், திருநங்கை. அவரும் நம்மை மாதிரி டிப்ளமோ படித்தவர்தான்! அதற்குப் பிறகு அண்ணா பல்கலைக்கழகத்தின் கீழ் உள்ள பொறியியல் கல்லூரியில் சேர்ந்த முதல் திருநர் அவர். எம்.பி.சி. பட்டியலில் மொத்தமாகப் போட்டது போதாது, எல்லாப் பிரிவுக்குள்ளும் திருநருக்குத் தனி இடம் வேண்டும் என்று போராடி வருகிறார். நம் வகுப்பில் அறுபது பேர். அந்த மாதிரி ஒருவர் வந்து உட்கார்ந்தால் எத்தனை நாள் தாக்குப்பிடிப்பார் என்று ஒரு நிமிஷம் யோசித்தேன். முதல் நாள் அட்டென்டன்ஸ் ஞாபகம் வந்தது.

கருத்தரங்கில் சொல்லாமல் விட்டது இனிமேல்.

அக்கா ஊருக்கு வந்தது பெரியம்மாவுக்கு உடம்பு முடியவில்லை என்பதால். வந்தவரிடம் இருந்த எல்லாக் காகிதத்திலும் பழைய பெயர். ரேஷனில் பெயர் சேர்க்க, பேங்க் கணக்கு தொடங்க, எதற்குப் போனாலும் "இது நீயா?" என்ற கேள்வி. எங்கள் வீட்டிலும் பெரியப்பா வீட்டிலும் சேர்த்து இங்கிலீஷ் படிவம் நிரப்பத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். முதியோர் பென்ஷன் மனுவிலிருந்து காஸ் புக் வரைக்கும் தெருவே என்னிடம்தான் கொண்டுவரும். ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா என் எதிரில் உட்கார்ந்து, செல்போனை நீட்டி, "தம்பி, இதைக் கொஞ்சம் போட்டுக் குடுறியா?" என்றார். 2019 சட்டப்படி மாவட்ட ஆட்சியர் கொடுக்கும் அடையாளச் சான்றிதழுக்கான விண்ணப்பம் அது.

முதல் கட்டத்தில் பிறப்பில் வைத்த பெயர். இரண்டாவதில் தேர்ந்தெடுத்த பெயர். இரண்டாவதை டைப் செய்யும்போதுதான் அந்தப் பெயரை நான் ஒருமுறைகூட வாயால் சொன்னதில்லை என்று உறைத்தது. வீட்டில் எல்லோரும் "அது", "அவன்" என்று ஏதோ ஒன்றைச் சொல்லிச் சமாளித்துக்கொண்டிருந்தோம். "ஸ்பெல்லிங் சொல்லுங்கக்கா" என்றேன். அக்கா என்று வந்துவிட்டது. அவர் ஒன்றும் சொல்லவில்லை, ஸ்பெல்லிங் மட்டும் சொன்னார். அடுப்படியில் இருந்த அம்மா எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

அப்புறம் காலை ஆறு மணி பஸ்ஸில் மலையிறங்கி ஓர் ஆபீசுக்குப் போனோம். எந்த ஆபீஸ் என்று வேண்டாம். அங்கே இருந்தவர் காகிதத்தைப் புரட்டிவிட்டு, "டாக்டர் சர்ட்டிபிகேட் எங்க? ஆபரேஷன் ஆச்சா?" என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி கேட்டார். அக்கா தலையைக் குனிந்துகொண்டார். நான் கருத்தரங்குக்காக எடுத்து வைத்திருந்த 2020-ஆம் வருஷ விதிகளின் பிரிண்ட்-அவுட் பையில் இருந்தது. அடையாளச் சான்றிதழுக்கு உறுதிமொழிப் பத்திரம் போதும், மருத்துவப் பரிசோதனை தேவையில்லை என்று அதில் இருந்த வரியை விரல் வைத்து இங்கிலீஷில் வாசித்தேன். நம் இங்கிலீஷ் உங்களுக்குத் தெரியும், இரண்டு இடத்தில் திக்கியது. அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தானும் ஒருமுறை வாசித்தார். பக்கத்து சீட்டுக்காரரிடம் காட்டினார். பிறகு "உக்காருங்கம்மா" என்றார். என்னை இல்லை, அக்காவை.

பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது டீக்கடையில் அக்காவிடம் சொன்னேன், சின்ன வயசில் பின்னால் ஓடினதில் நானும் ஒருத்தன் என்று. "தெரியும். நீதான் ரொம்பக் கத்துவ, தொண்டை அப்படி" என்றார். டீக்கு அவரே காசு கொடுத்தார்.

சான்றிதழ் இரண்டு மாதம் கழித்து வந்தது. அக்காவின் பெயர் சரியாக இருக்கிறது. பெரியப்பா பெயரில் ஓர் எழுத்து தப்பு. திருத்தச் சொல்லி மறுபடியும் மனு போட்டிருக்கிறோம். இந்த முறை விண்ணப்பத்தை அக்காவே நிரப்பினார், நான் ஸ்பெல்லிங் மட்டும் பார்த்தேன்.